முதலாந் தர அனுமதி: புள்ளி பிள்ளைக்கா, பெற்றோருக்கா?

தற்காலிகப் பெயர்ப் பட்டியல் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஏறும் வாரத்தில் கொழும்பில் ஒரே கேள்வி வீட்டுக்கு வீடு கேட்கும். "எங்கட வீடு கிட்ட. அவையின்ர வீடு எங்கேயோ கிடக்கு. அவைக்கு எப்படிக் கிடைச்சது?" இதற்குக் கைவசம் மூன்று பதில்கள் உண்டு: காசு, செல்வாக்கு, உள்ளே ஆள். சில இடங்களில் அந்தப் பதில்கள் சரியாகவும் இருக்கும். அனுமதிக்கு இலஞ்சம் வாங்கிய அதிபர்கள் கையும் களவுமாகப் பிடிபட்ட செய்தி நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு ரூபாய்கூடக் கைமாறாமல், ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லாமல், விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினாலும் தூர வீட்டுப் பிள்ளை உள்ளேயும் கிட்ட வீட்டுப் பிள்ளை வெளியேயும் நிற்கலாம். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

போட்டி எந்த இடங்களுக்கு?

இலங்கையில் அரச பாடசாலைகள் சுமார் பத்தாயிரம். அவற்றில் கல்வி அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் உள்ள தேசியப் பாடசாலைகள் நீண்டகாலமாக நானூறுக்கும் குறைவாகவே இருந்துவந்தன. மற்றவை மாகாண சபைகளின் கீழ் வருபவை. 1945இல் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. கட்டணம் என்ற வேலி போயிற்று. பாடசாலைகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு போகவில்லை. எல்லாம் இலவசம், ஆனால் எல்லாம் ஒன்றல்ல என்ற நிலையில், காசுக்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று வரிசையைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்த வேறு ஏதோ ஒன்றுதான் ஆண்டுதோறும் வரும் முதலாந் தர அனுமதிச் சுற்றுநிருபம்.

ஐந்து வயதுப் பிள்ளையைப் பரீட்சை வைத்துத் தெரிவதற்கு அனுமதி இல்லை. அது நல்ல விதி. ஆனால் பிள்ளையை அளக்கக்கூடாது என்று முடிவெடுத்த பிறகு அளப்பதற்கு எஞ்சியிருப்பவர்கள் பெற்றோர் மட்டுமே. பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஆறு வாசல்கள்

ஒரு பாடசாலையின் முதலாந் தர இடங்கள் ஆறு பிரிவாகப் பிரிக்கப்படுகின்றன. பல ஆண்டுகளாகச் சுற்றுநிருபங்களில் இருந்துவரும் பங்கீடு இது. சிறு மாற்றங்கள் வரலாம் என்பதால் அந்தந்த ஆண்டின் சுற்றுநிருபத்தையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

1. அண்மை வதிவிடம், அதாவது பாடசாலைக்குக் கிட்டக் குடியிருப்போர்: 50 சதவீதம்
2. பழைய மாணவரின் பிள்ளைகள்: 25 சதவீதம்
3. ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் சகோதர சகோதரிகள்: 15 சதவீதம்
4. பாடசாலைக் கல்வியுடன் நேரடியாகத் தொடர்புள்ள நிறுவனங்களில் வேலை செய்வோரின் பிள்ளைகள்: 5 சதவீதம்
5. இடமாற்றம் பெற்று வந்த அரச ஊழியரின் பிள்ளைகள்: 4 சதவீதம்
6. வெளிநாட்டில் இருந்து திரும்பியோரின் பிள்ளைகள்: 1 சதவீதம்

இதற்கு வெளியே, முப்படையினரதும் பொலிசாரதும் பிள்ளைகளுக்கு வகுப்பொன்றுக்கு ஐந்து இடம் என்ற ஏற்பாடும் போருக்குப் பின் சேர்ந்தது. படைகளில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்று யோசித்தால் அந்த இடங்கள் எந்த மொழி வகுப்புகளில் நிரம்பும் என்பதை ஊகிக்கலாம்.

பங்கீடு அத்தோடு முடிவதில்லை. இடங்கள் முதலில் மொழி மூலத்தால் பிரியும். அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில் மதத்தாலும் பிரியும். பொறுப்பேற்ற வேளையில் அங்கே எந்த மதத்துப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அந்த விகிதம் இன்றும் கவனத்தில் எடுக்கப்படுகிறது. அறுபது ஆண்டுகளில் கொட்டாஞ்சேனையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது அந்த விகிதத்துக்குத் தெரியாது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால்

தமிழ் மொழி மூலத்தில் இரண்டு வகுப்புகள் உள்ள ஒரு பாடசாலையைக் கற்பனை செய்வோம். வகுப்புக்கு 35 பிள்ளைகள் என்றால் 70 இடம். பாடசாலையின் பெயர் நாடறிந்தது, ஆயிரம் விண்ணப்பம் வந்து குவிகிறது. அந்த எழுபதில் ஒரு மதத்துக்கு உரிய பங்கு 20 என்று வைத்துக்கொண்டால், அந்த மதத்துப் பிள்ளைகளுக்கு அண்மை வதிவிடத்தில் 10 இடம், பழைய மாணவருக்கு 5, சகோதரருக்கு 3, கல்வித் துறையினருக்கு 1. இடமாற்றம் பெற்றோருக்கு 0.8 பிள்ளை. வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கு 0.2 பிள்ளை.

"இந்தப் பாடசாலைக்கு இரண்டு வகுப்பு இருக்கு, எங்கட பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்காதோ" என்று நினைக்கும் தகப்பன் உண்மையில் போட்டியிடுவது எழுபது இடத்துக்கல்ல, பத்து இடத்துக்கு. வெட்டுப்புள்ளி அரைப் புள்ளி, கால் புள்ளி வித்தியாசத்தில் விழுவதும் இதனால்தான். நேர்முகப் பரீட்சை மேசையில் ஒரு பத்திரம் ஏற்கப்படுமா இல்லையா என்பது ஒரு பிள்ளையின் பதின்மூன்று ஆண்டுகளைத் தீர்மானிக்கும் அளவுக்கு அந்த இடைவெளி மெல்லியது.

தூரத்தை அளக்கும் விதம்

அண்மை வதிவிடப் பிரிவில் இரண்டு விடயத்துக்குப் புள்ளி உண்டு. நீங்கள் உண்மையிலேயே அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு பங்கு. வீடு பாடசாலைக்குக் கிட்ட இருக்கிறது என்பதற்கு இன்னொரு பங்கு. பலர் தடுமாறுவது இரண்டாவதில்.

"எங்கட வீடு 800 மீற்றர், அவையின்ரது ஒன்றரைக் கிலோமீற்றர்" என்று மட்டும் ஒப்பிட்டால் விதி விளங்காது. முறை இதுதான். வரைபடத்தில் உங்கள் வீட்டை மையமாக வையுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் பாடசாலை வரைக்கும் உள்ள நேர்கோட்டை ஆரையாக வைத்து ஒரு வட்டம் கீறுங்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய, ஆரம்பப் பிரிவு உள்ள வேறு அரச பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் குறித்த அளவு புள்ளி கழியும். ஒன்றுமே இல்லாவிட்டால் முழுப் புள்ளி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள ஓர் ஒழுங்கையில் வீடு என்றால், நீங்கள் கீறும் வட்டத்தில் ஏறக்குறைய பாதி இந்து சமுத்திரத்தில் விழும். அங்கே பாடசாலை இல்லை, புள்ளியும் கழியாது. அதே தூரத்தில் கிருலப்பனைப் பக்கம் இருக்கும் வீட்டின் வட்டம் முழுவதும் தரை. அதற்குள் இரண்டு மூன்று பாடசாலை அகப்படும். இருவரும் பாடசாலைக்கு ஒரே தூரம்தான், ஆனால் ஒருவருக்கு மீன்கள் உதவி செய்கின்றன.

வேடிக்கையை விட்டுவிட்டு விதியின் உள்ளே போவோம். கழித்தலின் பொருள் என்ன? "உனக்குக் கிட்ட வேறு பாடசாலை இருக்கிறதே, அங்கே போ" என்பதுதான். எல்லாப் பாடசாலையும் ஏறத்தாழ ஒரே தரம் என்றால் இது அப்பழுக்கற்ற விதி. ஆனால் அப்படி இருந்திருந்தால் இந்தப் போட்டியே இருந்திராது. ஆசிரியர் போதாத, பிள்ளைகள் குறைந்துகொண்டு போகும் சிறிய பாடசாலை ஒன்றின் பக்கத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு, அந்தப் பாடசாலை பக்கத்தில் இருப்பதற்காகவே புள்ளி குறைகிறது. வறிய அயலில் வாழ்வதற்கான தண்டம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. "அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்ற பெயரில் அமைச்சு ஒரு வேலைத்திட்டத்தைத் தொடங்கியது. சுற்றுநிருபமோ அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு புள்ளி போடுகிறது.

வாக்காளர் இடாப்பும் உறுதியும்

குடியிருப்பை நிரூபிக்க இரண்டு பெரிய ஆதாரம். முதலாவது, விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர். ஆண்டு ஆண்டாகப் புள்ளி சேரும். இரண்டாவது, வீட்டுக்கான பத்திரம். பெற்றோரின் பெயரில் உறுதி இருந்தால் அதிகம், வாடகை ஒப்பந்தம் என்றால் குறைவு. மின்சாரப் பில், தண்ணீர்ப் பில், வங்கிக் கடிதம் எல்லாம் சில்லறை.

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குக் கதவு அடைபடுவது இங்கேதான். காரணங்கள் வேறுவேறு, விளைவு ஒன்று.

முதலில் வாடகை வீட்டுக்காரர். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அனெக்ஸிலோ மாடி வீட்டிலோ இருக்கும் குடும்பத்தை வாக்காளர் இடாப்பில் பதிய வீட்டுச் சொந்தக்காரர் தயங்குவார். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குக் கொடுத்த பாதுகாப்பு அவர் மனதில் இன்னும் பயமாக இருக்கிறது: "பதிஞ்சால் பிறகு எழுப்பேலாது." கிராம உத்தியோகத்தர் படிவத்தோடு வரும் நாளில் வீட்டுக்காரரின் பெயர்கள் மட்டும் அதில் ஏறும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும் குடும்பத்துக்கு, ஐந்து ஆண்டும் கொழும்பில்தான் இருந்தாலும், ஒரே முகவரியில் ஐந்து ஆண்டு கிடையாது. பெயர் யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ ஊர் இடாப்பில் கிடக்கும்.

இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. "நீ இங்கே நிரந்தரமாக இருப்பவன் அல்ல" என்று அன்று சொல்லப்பட்ட இருபது வயதுக்காரர்கள் இன்று முதலாந் தரத்துக்குப் பிள்ளை சேர்க்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் நிரந்தர வதிவிடத்துக்குத் தொடர்ச்சியான ஆதாரம் கேட்கப்படுகிறது.

அடுத்தது இடம் மாற்றப்பட்டோர். கொம்பனித்தெரு மியூஸ் வீதி வீடுகள் 2010 மே மாதம் இடிக்கப்பட்டன. அதன் பின் வந்த நகரப் புத்தாக்கத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் இருந்து தெமட்டகொடை, முகத்துவாரம் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்காரர். ஆனால் புதிய முகவரியில் இடாப்பு ஆண்டுகள் சுழியத்தில் இருந்து தொடங்கின. உறுதியோ பல ஆண்டுத் தவணை கட்டி முடிந்த பிறகுதான் கைக்கு வரும். அரசே இடம் மாற்றிய குடும்பத்தை, இடம் மாறியதற்காக அரசின் இன்னொரு கை புள்ளி குறைக்கிறது.

மறுபக்கத்தில், காகிதத்தை அளக்கும் விதி காகிதச் சந்தையை உண்டாக்கும். பிள்ளை பிறந்த கையோடு பாடசாலைக்குக் கிட்ட உள்ள மாமா வீட்டு இடாப்பில் பெயர் பதிவது, நன்கொடை உறுதி எழுதி அனுமதி முடிந்ததும் திருப்பி எழுதுவது எல்லாம் ஊரறிந்த இரகசியம். இதைப் பிடிக்கத்தான் நேர்முகக் குழு வீட்டுக்கு வந்து பார்க்கிறது. சமையலறையில் அடுப்பு எரிகிறதா, அலுமாரியில் பிள்ளையின் உடுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டமும் வரும். ஆதாரம் பொய் என்று நிரூபணமானால் அனுமதி இரத்தாகும். ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன்பே திட்டம் போடத் தெரிந்தவருக்கும், மாமா வீடு அங்கே இருப்பவருக்கும்தான் இந்த வழியே திறந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய மாணவர் என்ற சொத்து

ஆறு பிரிவிலும் நியாயப்படுத்த மிகக் கடினமானது இது என்பது என் கருத்து. தகப்பனோ தாயோ அந்தப் பாடசாலையில் எத்தனை ஆண்டு படித்தார், பரீட்சையில் என்ன பெறுபேறு, விளையாட்டில் என்ன சாதனை, விலகிய பின் பாடசாலைக்கு என்ன செய்தார் என்று புள்ளி வரும். தகப்பன் முப்பது வருடத்துக்கு முன் கிரிக்கெட்டில் அடித்த ஓட்டம் ஐந்து வயது மகனின் கணக்கில் சேர்கிறது.

ஆதரிப்போர் சொல்வதிலும் பொருள் உண்டு. பழைய மாணவர் சங்கம் இல்லாவிட்டால் பல பாடசாலைகளில் ஆய்வுகூடம் இல்லை, நீச்சல் தடாகம் இல்லை, மண்டபத்துக்குக் கூரை இல்லை. தன் பிள்ளையும் அங்கே படிப்பான் என்ற எண்ணம்தான் அந்தப் பணத்தை வரவழைக்கிறது. சரி. ஆனால் அப்படியென்றால் அது ஒரு கட்டணம், அவ்வளவுதான். இலவசக் கல்வியில் பின்வாசலால் வரும் கட்டணம்.

தமிழ் பேசும் மக்களுக்கு இதில் இன்னொரு கோணம். பழைய மாணவர் உரிமை பாடசாலையோடு கட்டியது, ஆளோடு வராது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்த தகப்பனின் 25 சதவீதம் யாழ்ப்பாணத்தில்தான் செல்லும். அவர் போரினாலோ வேலையாலோ கொழும்புக்கு வந்தவர் என்றால் அந்த உரிமை அங்கேயே காலாவதியாகிறது. றோயல் கல்லூரியிலோ பம்பலப்பிட்டி இந்துவிலோ அவர் பிள்ளை மற்ற வாசல்களில்தான் முட்ட வேண்டும். 1983க்குப் பின் கொழும்பை விட்டுப் போன குடும்பங்களில் திரும்பி வந்தவர்களின் கணக்கில் ஒரு முழுத் தலைமுறைப் பள்ளிக் காலம் வேறு நாட்டிலோ வேறு ஊரிலோ கழிந்திருக்கும்.

மற்ற வாசல்கள்

சகோதரர் பிரிவுக்குத் தெளிவான காரணம் உண்டு: ஒரே தாய் காலை ஏழு மணிக்கு இரண்டு பாடசாலை வாசலில் நிற்க முடியாது. ஆனால் கொழும்பின் பெயர்பெற்ற பாடசாலைகளில் பல ஆண்களுக்கு அல்லது பெண்களுக்கு மட்டுமானவை. அக்காவும் தம்பியும் உள்ள வீட்டுக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை. கல்வித் துறையினருக்கும் இடமாற்றம் பெற்றோருக்கும் உள்ள பங்குகள் வேலை நிமித்தச் சலுகை. சிறியவை, விளங்கக்கூடியவை.

சட்டம் நியாயத்தை அளக்கும் முறை

முன்னுரிமை என்றாலே சமத்துவ மீறல் என்று ஆகிவிடாது. அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. நீதிமன்றங்கள் அதை வாசிக்கும் முறையில் ஆட்களை வகைப்படுத்தலாம், ஆனால் இரண்டு நிபந்தனை:

1. வகைப்படுத்தலுக்கு விளங்கக்கூடிய அடிப்படை இருக்க வேண்டும்.
2. அந்த அடிப்படைக்கும் விதியின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவதை உரைகல்லாக வைத்து ஆறு வாசலையும் உரசிப் பாருங்கள். நோக்கம் பிள்ளைக்கு எட்டக்கூடிய தூரத்தில் கல்வி என்றால், அண்மை வதிவிடம் நோக்கத்தோடு பொருந்துகிறது. ஆனால் அதை அளக்கும் கோல், அதாவது ஐந்தாண்டு இடாப்பும் உறுதியும், அவ்வளவு பொருந்தவில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரனின் பிள்ளைக்கும் வாடகைக்காரனின் பிள்ளைக்கும் நடக்க வேண்டிய தூரம் ஒன்றுதானே. பழைய மாணவர் பங்கோ நோக்கத்தைத் தொடுவதே இல்லை.

2007இல் உயர் நீதிமன்றம் அப்போதிருந்த முதலாந் தர அனுமதித் திட்டத்தை இந்த உறுப்புரையோடு பொருந்தாதது எனக் கண்டது. அதன் பிறகு திட்டம் திருத்தி எழுதப்பட்டது. ஆனாலும் வாசல்களின் பெயர்கள் பழையவையாகவே திரும்பி வந்தன. எல்லா மட்டத்திலும் கல்விக்குச் சமமான வாய்ப்பு என்று அரசியலமைப்பின் 27(2)ஆம் உறுப்புரையில் உள்ள வழிகாட்டிக் கோட்பாடுகளின் வரிசையில் ஓர் உறுதிமொழி உண்டுதான். ஆனால் அந்த அத்தியாயத்தை வைத்து வழக்குப் போட முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது.

வேறு ஊர்களில்

சிங்கப்பூரிலும் ஆரம்பப் பாடசாலைப் பதிவில் சகோதரருக்கும் பழைய மாணவர் பிள்ளைகளுக்கும் முந்திய கட்டம் உண்டு. ஆனால் பாடசாலையோடு எந்த உறவும் இல்லாத குடும்பங்கள் வரும் கட்டத்துக்கு 2014 முதல் 20 இடம் ஒதுக்கப்பட்டது, 2022இல் அது 40 ஆயிற்று. பழைய மாணவர் எத்தனை பேர் வந்தாலும் அந்த நாற்பதைத் தொட முடியாது. ஒரு கிலோமீற்றருக்குள், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், இரண்டுக்கு மேல் என்று தூரம் பட்டைகளாகப் பிரியும். ஒரு பட்டைக்குள் ஆட்கள் கூடினால் சீட்டுக் குலுக்கல். கொடுத்த முகவரியில் 30 மாதம் வாழ வேண்டும். இங்கிலாந்தில் பிரைட்டன் நகரம் 2008இல் இரண்டாம் நிலைப் பாடசாலைகளுக்கு எல்லைக்குள் இருப்போரிடையே குலுக்கலைக் கொண்டுவந்தது. பாடசாலை வாசலில் வீடு வாங்க முடிந்தவருக்கே இடம் என்ற நிலையை உடைப்பது நோக்கம்.

குலுக்கல் என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள், பிள்ளையின் எதிர்காலத்தை அதிர்ஷ்டத்தில் விடுவதா என்று. ஆனால் 84.5 புள்ளிக்கும் 84.25 புள்ளிக்கும் இடையில் இன்று இருப்பது என்ன? ஒரு தொலைபேசிப் பில். அதை விடக் குலுக்கல் நேர்மையானது. தோற்றவருக்குத் தான் ஏமாற்றப்படவில்லை என்றாவது தெரியும். இரண்டு ஆண்டுக் குடியிருப்பை எந்த நேர்மையான ஆதாரத்தாலும் காட்டலாம், ஒரு தூரப் பட்டைக்குள் குலுக்கல், பழைய மாணவர் பங்கு படிப்படியாக இப்போதுள்ளதில் பாதிக்குக் கீழ் என்று மாற்றினால் இடங்கள் ஒன்றுகூட அதிகரிக்காது. ஆயிரம் விண்ணப்பமும் எழுபது இடமும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த எழுபதுக்குள் போகக்கூடியவர்களின் வட்டம் விரியும்.

பெயர் பட்டியலில் இல்லையென்றால்

1. நேர்முகப் பரீட்சையில் போட்ட புள்ளித்தாளில் பெற்றோரின் கையொப்பம் வாங்கப்படும். ஒப்பமிடுமுன் ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பேச உங்களிடம் இருப்பது அந்தக் குறிப்பு மட்டுமே.
2. கழிக்கப்பட்ட பாடசாலைகளின் பெயரைக் கேளுங்கள். உங்கள் மொழி மூலம் இல்லாத, உங்கள் பிள்ளையைச் சேர்க்க முடியாத பாடசாலை அதில் எண்ணப்பட்டிருந்தால் அது மேன்முறையீட்டுக்கு நல்ல காரணம்.
3. தற்காலிகப் பட்டியலுக்குப் பின் மேன்முறையீடுகளையும் ஆட்சேபனைகளையும் விசாரிக்கத் தனிக் குழு உண்டு. இரண்டும் வேறு: மேன்முறையீடு உங்கள் புள்ளியைப் பற்றியது, ஆட்சேபனை இன்னொருவரின் ஆதாரத்தைப் பற்றியது. கோபத்தில் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுவோர் பலர், இரண்டும் வீணாகும்.
4. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.